பத்து மணிக்கு வந்தால் போதும்

அண்ணன் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"தண்ணி எப்ப ஊத்துறாங்க?"

என் மகள் வயதுக்கு வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. வத்தேகமவில், மாமியார் வீட்டுக் குசினியில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் நான் குரலைத் தாழ்த்தினேன். அந்த வீட்டில் தமிழ் பேச வாயெடுத்தாலே எனக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வந்தா போதும் அண்ணே" என்றேன்.

அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. தண்ணீர் வார்க்கும் நேரத்தை ஜோசியர் அதற்கு முன்பே குறித்துக் கொடுத்துவிட்டார். சிங்கள வீடுகளில் அந்த நேரம் பிசகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எல்லாம் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். பத்து மணி என்பது விருந்துக்கு ஆட்கள் வரத் தொடங்கும் நேரம்.

"பத்தா? நல்லதாப் போச்சு" என்றார் அண்ணன். "காலையில கெளம்புனா கண்டி வந்து அங்கிட்டு வந்துறலாம். வேன் ஒண்ணு பேசிட்டேன் புள்ள. சீர் தட்டோட பஸ்ல ஏற முடியுமா? குச்சு கட்ட எடம் இருக்கா?"

"குச்செல்லாம் வேணாம் அண்ணே. ரூம்லதான் வச்சிருக்கோம்."

"அது சரி. பேருக்கு நாலு ஓலையாச்சும் சாத்தணும்ல. நான் கொண்டாறேன்."

சீர், குச்சு, ஓலை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பெரியவளானால், அவளைத் தனியே உட்கார்த்தப் பச்சை ஓலையில் குச்சு கட்டுவது தாய்மாமன். முதல் சேலை கொண்டுவருவது தாய்மாமன். தண்ணீர் ஊற்றும்போது வாசலில் நிற்க வேண்டியதும் அவன்தான். அவன் வராமல் எதுவும் தொடங்காது. அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதவேண்டி வந்திருக்காது.

உண்மையான நேரத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று முதல் நாளே யோசித்து முடித்துவிட்டேன். முந்தின நாளே வந்து தங்குவார்கள். அண்ணி சந்தியிலேயே இறங்கி, தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குலவை போட்டபடி நடந்து வருவார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கும். என் கணவர் பஸ் ஓட்டுநர்; 'பஸ் ஓட்டுகிறவனின் தோட்டத்துப் பெண்டாட்டியின் ஆட்கள்' என்பார்கள். அப்படி அந்த ஊரில் யாராவது என் காதுபட ஒருமுறையேனும் சொல்லியிருக்கிறார்களா என்றால், இல்லை. ஆனால் சொல்வார்கள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். எனக்கு நடந்ததை விட நடக்கக்கூடியதுதான் எப்போதும் பெரிதாகத் தெரியும்.

நாங்கள் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவுக்கு முடியாமல் போக, யாராவது சோறு பொங்க வேண்டியிருந்தது. பிறகு கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சிங்களம் அங்கே கற்றதுதான். முதலில் நிறங்கள், அப்புறம் அளவுகள், அப்புறம் சண்டை. ஒரு வருடத்துக்குள் என் பேச்சைக் கேட்டு யாருக்கும் வேற்றாள் என்று தோன்றவில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

கடை மூடியதும் ஏறும் வத்தேகம பஸ்ஸை ஓட்டியவர்தான் என் கணவர். சிங்களவர், பௌத்தர். பதிவுத் திருமணம். அப்பாவும் அம்மாவும் வரவில்லை. அண்ணன் மட்டும் வந்தார். சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே ஒரு கடையில் எங்கள் இருவருக்கும் பிளேன் டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு தோட்டத்து லய வீடுகளில் ரொம்ப நாள் அவரோடு யாரும் சரியாகப் பேசவில்லையாம். அதை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணன் சொன்னது வேறு.

"பயப்படாத புள்ள. ஒனக்குப் பொறக்குறதுக்கு நான்தான் மாமன். அத யாரும் மாத்த முடியாது."

சொன்னபடி வந்தார். பிள்ளைக்கு ஒரு வயது ஆனபோது கண்டியில் ஒரு பிள்ளையார் கோயிலில் வைத்து, அவர் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்தினோம். நாவலப்பிட்டி ஆசாரியிடம் சொல்லிச் செய்த சின்னத் தோடு. நடுவில் மிளகளவு சிவப்புக் கல். பிள்ளை கத்திய கத்தலில் அவர் கண்ணும் கலங்கிவிட்டது. திருகாணியை இறுக்கியவர், "இனி இத கழட்டப்படாது. மாமன் போட்டது" என்றார். அப்படியே இருந்தது. குளித்தாலும் தூங்கினாலும் அந்தத் தோடுதான். பள்ளிக்கூடத்தில் நாடகத்துக்குக் கழற்றச் சொன்னபோதுகூட பஞ்சு வைத்து மறைத்து அனுப்பினேன்.

அப்படிப்பட்டவள்தானே நானும்? பின்னே எங்கே போனேன்?

என் கைப்பையின் உள்மடிப்பில் ஒரு ஒட்டுப் பொட்டு எப்போதும் இருக்கும். நாவலப்பிட்டிக்குப் போகும்போது கம்பளை தாண்டியதும் எடுத்து நெற்றியில் வைப்பேன். திரும்பி வரும்போது குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கும் முன் பிடுங்கி பையில் ஒட்டிவிடுவேன். பசை போய்விட்டால் புதிது மாற்றுவேன். யாரும் என்னைப் பொட்டு வைக்காதே என்று சொன்னதில்லை. என் கணவர் ஒருமுறை, "அந்தச் சிவப்புப் புள்ளியை ஏன் இப்போது வைப்பதில்லை? நன்றாகத்தானே இருந்தது?" என்று கேட்டார். வியர்வையில் விழுந்துவிடுகிறது என்றேன்.

மகளுக்கு அவர்கள் பக்கத்துப் பெயர். சிங்களப் பள்ளிக்கூடம். பௌர்ணமிப் போயா தினத்தில் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போவாள். நானும் போவேன், மற்றவர்களை விடக் கொஞ்சம் முன்னதாகவே. தமிழில் அவளுக்குச் சாப்பாட்டுப் பெயர்களும் திட்டுகளும் தெரியும். மற்றதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

தோட்டின் கதை இப்படி.

சிங்கள வழக்கத்தில், பெரியவளான பெண்ணுக்குத் தண்ணீர் வார்ப்பது 'ரெதி நெந்தா'. தலைமுறையாகத் துணி வெளுத்த குடும்பத்துப் பெண். அத்தை என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். வயதுக்கு வந்த அன்றைக்குப் பிள்ளை உடுத்தியிருந்த துணி, போட்டிருந்த நகை, எல்லாம் அவருக்குச் சேரவேண்டும். பழைய தீட்டு அதோடு போய்விடும் என்று நம்பிக்கை.

சனிக்கிழமை பின்னேரம் மாமியார் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பிள்ளையின் பள்ளிச் சீருடையை மடித்து வைத்தார். அவர் பேசுவது சிங்களம். நான் தமிழில் எழுதுகிறேன், மகளே என்கிற 'துவே'யைத் தவிர.

"துவே, அன்றைக்குக் காதில் என்ன இருந்தது? அந்தச் சின்னத் தோடா?"

"ஆமாம் அம்மா."

"அது ஏதும் விசேஷமானதா?"

இப்படித்தான் கேட்டார். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்தே இருந்தது. 'ஆமாம், என் அண்ணன் போட்டது' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு மூச்சு கூட ஆகாது.

"இல்லை அம்மா. பழசுதான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பிடித்து வைத்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம். நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தால், பரீட்சையில் விழுந்தால், கல்யாணம் தள்ளிப் போனால், 'அன்றைக்குத் தாய் தோட்டைப் பிடித்து வைத்தாளே' என்று ஆகுமே. இது ஒரு காரணம். இன்னொன்று, குறையில்லாமல் செய்தேன் என்று பெயர் எடுக்க ஆசை. தமிழ் மருமகள், ஆனாலும் நம் வழக்கத்தில் ஒரு இம்மி தவறவில்லை என்று அவர் நினைக்க வேண்டும்.

கழற்றப் போனால் திருகாணி வரவில்லை. வருடக்கணக்காக இருந்தது, சதையோடு சேர்ந்துவிட்டது. சவர்க்கார நுரை தடவினேன், நூல் சுற்றி இழுத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நோகிறது. இதை விட்டுவிடேன். மாமா கோபிக்க மாட்டாரா?"

"மாமா வேறு கொண்டுவருவார்" என்றேன். திருகினேன். காது சிவந்து, ஒரு பொட்டு இரத்தம் வந்தது. தோடு கையில் வந்தபோது இளஞ்சூடாக இருந்தது. சீருடை மேல் வைத்து முடிச்சுப் போட்டேன். முடிச்சைப் போட்டது மாமியார் இல்லை, நான்தான்.

மறுநாள் விடியுமுன் பலாமரத்தடியில் தண்ணீர் வார்த்தார்கள். வெள்ளைத் துணி போர்த்தி அழைத்து வந்து, வாசலில் தேங்காய் உடைத்து, விளக்கேற்றி, எல்லாம் குறித்த நேரத்தில் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ரெதி நெந்தா மூட்டையை வாங்கி, பிள்ளையின் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டுப் போனார். மாமியார் புதிதாக வாங்கியிருந்த தொங்கட்டானைப் பேத்தியின் காதில் மாட்டினார். கனமானது. காயத்தில் பட்டு மகள் முகம் சுளித்தாள். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்" என்று காதோரம் சொன்னேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வேன் வந்துவிட்டது.

கூரையில் இரண்டு தென்னோலைகள், நுனி பின்னால் தரையில் உராயும்படி கட்டியிருந்தன. வத்தேகமவில் எந்த வீட்டு முற்றத்திலும் தென்னை நிற்கும். மாமியார் வாசலுக்கு வந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "ஐயோ மகனே, இங்கே இல்லாத ஓலையா? அங்கேயிருந்து சுமந்து வந்தாயா?"

அண்ணனுக்குத் தோட்டத்துச் சிங்களம் வரும். "இருக்கும் அம்மா. ஆனால் இது மாமன் வெட்டிக்கொண்டு வரவேண்டியது" என்று அதில் சொன்னார். புதுச் சட்டை, புது வேட்டி, நெற்றியில் திருநீறு. அண்ணி தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பழம், பூ, இனிப்பு, வளையல், ஒரு தட்டில் மடித்து வைத்த சிவப்புப் பட்டு. என் கணவர் ஓடிப்போய்த் தனக்குத் தெரிந்த தமிழில், "வாங்க மச்சான், வாங்க வாங்க" என்று ஒரு தட்டை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் ஓலையை அவிழ்த்துத் தோளில் போட்டபடி என்னிடம் திரும்பினார்.

"எங்கிட்டுச் சாத்தலாம்? புள்ள உள்ள ரூம்லதான இருக்கு? தண்ணிக்கு ஆளுக வந்துட்டாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து, "மாமா!" என்று குரல் கேட்டது. என் மகள் வாசலுக்கு வந்து நின்றாள். புது வெள்ளைக் கவுன், தூக்கிக் கட்டிய கொண்டை, காதில் தொங்கட்டான். குளித்து முடித்த பிள்ளை என்று பார்த்தவுடனேயே தெரியும்.

அண்ணன் ஓலையோடு அப்படியே நின்றார்.

அண்ணிதான் முதலில் பேசினார். "அடி ஆத்தி! குளிச்சு, சீவி, சிங்காரிச்சுப் பொண்ணு வாசல்ல நிக்கிது. நாம எதுக்குங்க வந்தோம், பந்திக்கா?"

"நீ சும்மா இரு" என்றார் அண்ணன்.

"நான் சும்மாத்தான் இருக்கேன். ஓலையச் சொமந்துக்கிட்டு நிக்கிறது நீங்கதான்."

என் மகளுக்கு இதெல்லாம் புரியவில்லை. வெற்றிலைக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அவர்கள் வழக்கப்படி மண்டியிட்டு மாமனைக் கும்பிட்டாள். அண்ணன் பதறி ஓலையைக் கீழே போட்டுவிட்டு அவள் தலையில் இரண்டு கையையும் வைத்தார். அவள் நிமிர்ந்தபோதுதான் காதைப் பார்த்தார்.

"தோடு எங்க கண்ணு?"

தோடு என்ற சொல் அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னாள். "ரெதி நெந்தாவுக்குக் கொடுத்தாயிற்று மாமா. அம்மாதான் கழற்றினாள். இங்கே பாருங்கள், எப்படி வீங்கியிருக்கிறது!"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"அண்ணே, அது இவங்க வழக்கம்... அன்னைக்குப் போட்டிருந்தது எல்லாம் குடுக்கணும்னு... அதுவும் பழசாப் போச்சு..." என்று என்னவோ உளறினேன்.

"பழசுதான்" என்றார். "மாமனும் பழசுதான புள்ள."

அண்ணி விடவில்லை. "ஏன்டி, எங்கள விடு. ஒரு போன் போட்டு, 'அண்ணே, விடிய முன்ன தண்ணி'ன்னு சொல்ல ஒனக்கு நாக்கு வரலியா? அந்தத் தோடு போயிரும் அண்ணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேற ஒண்ணு செஞ்சு குடுத்திருக்க மாட்டோமா? ஒன் கல்யாணத்துக்கு இவரு கையெழுத்து வேணும். ஒன் மக சடங்குக்கு மட்டும் இவரு வேணாமோ?"

முற்றத்தில் கதிரை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எந்தக் காட்சிக்குப் பயந்து பொய்யான நேரம் சொன்னேனோ அதுவே, அதைவிடப் பெரிதாக, பகல் வெளிச்சத்தில் நடந்துகொண்டிருந்தது.

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?"

சொன்னேன். அந்தத் தோடு அண்ணன் மடியில் வைத்துப் போட்டது என்று, எங்களில் தாய்மாமன் வராமல் தண்ணீர் வார்ப்பதில்லை என்று, சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லவேண்டிய நேரம் போனபிறகு சொன்னேன்.

அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "பைத்தியமா உனக்கு? நான் கேட்டேனே! என் மகளுக்குச் செய்தபோது நாங்கள் நல்ல தோட்டை ஒளித்து வைத்துவிட்டுப் பெட்டிக்கடையில் ஒரு கில்ட் ஜோடி வாங்கி முடிச்சில் போட்டோம். ரெதி நெந்தாவுக்கும் தெரியும். எல்லா வீட்டிலும் அதுதானே நடக்கிறது? மாமாவுக்காக ஜோசியரிடம் கேட்டு வேறு நேரம்கூட எடுத்திருக்கலாமே."

அந்த வழக்கத்தில் பிறந்தவர்கள் அதை வளைத்து நெளித்து வைத்துக்கொள்கிறார்கள். ஒட்டிக்கொள்ள வந்த நான்தான் எழுத்து மாறாமல் செய்து, கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னிடம் எதையும் பறிக்கவில்லை. நானாகவே கழற்றிக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொட்டு, பேச்சு, பிறகு இது.

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "நான் போய் அவரிடம் கேட்கிறேன். நல்ல மனுஷி, தருவார்."

அண்ணன் குறுக்கே வந்து தடுத்தார். "வேண்டாம் அம்மா. வாழ்த்திவிட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் பிள்ளைக்கு ஆகாது." என்னைவிட அவருக்குத்தான் அந்த வழக்கத்தின் மேல் மரியாதை இருந்தது.

மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். பிறகு பட்டுச் சேலை இருந்த தட்டை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். "இதை உடுத்திவிடுங்கள். மாமா கொண்டுவந்ததை உடுத்திக்கொண்டுதான் அவள் விருந்துக்கு உட்கார வேண்டும்."

அண்ணிக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் அது புரிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளையை உள்ளே அழைத்துப் போனார். "வா என் ராசாத்தி. ஒங்கம்மா மறந்தாலும் சேல மறக்காது" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லிக்கொண்டு போனார்.

அறைக்குள் அண்ணி பொட்டு தேடினார். அந்த வீட்டு அலுமாரியில் எங்கே இருக்கும்? நான் என் கைப்பையைத் திறந்து, உள்மடிப்பில் இருந்ததைப் பிய்த்துக் கொடுத்தேன். அண்ணி அதையும் பார்த்தார், பையையும் பார்த்தார். அதுவரை அவர் சொன்னதெல்லாம் சேர்ந்தும் அந்தப் பார்வை அளவுக்குச் சுடவில்லை.

சேலை கட்டி, பூ வைத்து, பிள்ளை வெளியே வந்தபோது தொங்கட்டான் பட்ட காது நன்றாகவே வீங்கிவிட்டது. மடல் சிவந்து பளபளத்தது. மாமியாரே பதறித் தொங்கட்டானைக் கழற்றினார். "ஓட்டை அடைந்துவிடுமே" என்றார்.

அண்ணன் எழுந்தார். முற்றத்தில் யாரும் சாத்தாமல் கிடந்த ஓலையில் ஒரு கீற்றை உருவினார். பேனாக்கத்தியால் அதிலிருந்து ஈர்க்கைச் சீவிச் சீவி, ஊசி போல மெல்லியதாக்கி, முனையை நகத்தால் தேய்த்துப் பார்த்தார். தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்து எடுத்துவரச் சொன்னார். நான் ஓடினேன். திரும்பி வந்தபோது கதிரையில் அவர் உட்கார்ந்திருக்க, பட்டுச் சேலையோடு பிள்ளை அவர் முழங்கால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்திருந்தாள். மடியில் உட்கார்த்த முடியாத அளவு வளர்ந்துவிட்டாள்.

"நோகுமா மாமா?" என்றாள் சிங்களத்தில்.

"கொஞ்சூண்டு" என்றார் அவர் தமிழில். "கத்துனா கத்திக்க. முன்ன கத்துனியே, ஊரே கூடிருச்சு."

ஈர்க்கு உள்ளே போனது. அவள் கத்தவில்லை. அளவாக நறுக்கிவிட்டார். சிவப்புப் பட்டுக்கும் மல்லிகைக்கும் நடுவில், காதில் பச்சையாக ஒரு துண்டு ஈர்க்கு. அப்படியே விருந்துக்கு உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும், "எங்கள் அம்மாவும் எனக்கு இப்படித்தான் போட்டாள்" என்று சொல்லிக் காதைத் தொட்டுப் பார்த்தாள். எந்த ஜன்னலுக்குப் பயந்தேனோ அந்த ஜன்னல் வீட்டுக்காரி.

புறப்படும்போது வேன் வரைக்கும் நடந்து போனேன். காலில் விழவா, அழவா, என்ன சொல்ல என்று தெரியவில்லை. அண்ணி முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் ஓலை கட்டி வந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"அண்ணே, நான் வேணும்னு..."

"வேணும்னுதான் சொன்ன" என்றார். குரல் உயரவில்லை. "தெரியாமச் சொன்னவ போன்ல அப்படி மெதுவாப் பேசமாட்டா." கயிற்றை வேனுக்குள் போட்டார். "அடுத்தது அதுக்குக் கல்யாணம். மாலை எடுத்துக் குடுக்க நான் வரணும். யாரக் கட்டிக்கிட்டாலும் சரி. அப்பவாச்சும் நேரத்த சரியாச் சொல்லு."

சரி என்றேன். அவர் என் தலையில் கை வைக்கவில்லை. ஏறிப் போய்விட்டார். மன்னித்தாரா, அதை அந்தக் கல்யாணத்துக்குத் தள்ளி வைத்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு மாமன் அவர்தான். எனக்கு அண்ணனாக எவ்வளவு மிச்சமிருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

ரெதி நெந்தாவைச் சந்தையில் பிறகு ஒருமுறை பார்த்தேன். அவர் அன்பாகச் சிரித்தார். நான் தக்காளி பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

காது ஆறும் வரை தினமும் ஈர்க்கைத் திருகி, மஞ்சள் தடவிவிடுவது என் வேலை ஆனது. பழுத்துவிடுமோ, சீழ் பிடிக்குமோ, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களோ என்று எனக்குப் பயம். மகளுக்கு ஒரு பயமும் இல்லை. கூட்டாளிகள் கேட்டார்களாம்; மாமா போட்டது என்றாளாம். வீக்கம் வற்றிய பிறகும் தொங்கட்டானை மாட்ட விடவில்லை. மாமா வந்து எடுக்கட்டும் என்றுவிட்டாள்.

ஒரு பின்னேரம் அவளைக் குசினி வாசற்படியில் உட்கார்த்தி, எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் அடுப்படியில் இருந்தார்.

"அம்மா, அந்த ஓலையை வைத்து மாமா என்ன செய்ய இருந்தார்?" என்று கேட்டாள்.

குச்சு பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதற்குச் சிங்களத்தில் எனக்குச் சொல் வரவில்லை; தமிழிலேயே சொன்னேன். பச்சை ஓலை, உள்ளே பாய், உலக்கையைக் குறுக்கே போடுவது, மாமன் வந்து முதல் ஓலை சாத்துவது. அவளுக்குப் பாதி புரிந்தது, பாதிக்குத் தலையாட்டினாள். அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறாய்? ஆச்சி தூங்கவில்லையே."

மாமியார் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நான் விரலில் இருந்த மஞ்சளைப் பார்த்தேன்.

"உனக்குக் காது நோகுமே என்றுதான்" என்றேன்.